பெர்மியன் பேசின்: மண்ணுக்கடியில் பங்கு உள்ளவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

மிட்லண்ட்வாசி

வேலை மாற்றலில் மேற்கு டெக்சஸ் வந்து, பெர்மியன் பேசின் என்ற எண்ணெய் வயல் பகுதியில் வீடு வாங்கினோம். கையெழுத்துப் போடும்போது, பத்திரம் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனி அம்மா ஒரு பத்தியில் விரலை வைத்து, "கனிமம் இதில் சேராது, தெரியும்தானே?" என்றார். முன்பு யாரோ நிலத்தை விற்கும்போது அடியில் இருப்பதை மட்டும் தங்களுக்கென்று எழுதி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். டெக்சஸ் சட்டத்தில் அவர்கள் கைதான் ஓங்கியது. எண்ணெய் எடுக்கத் தேவையான அளவுக்கு மேல்நிலத்தையும் பயன்படுத்தலாம். ஊருக்குள் நகராட்சி விதிகள் இருக்கின்றன, அடியில் போய்ப் பக்கவாட்டில் திரும்பும் கிடைமட்டக் கிணற்றை ஒரு மைல், இரண்டு மைல் தள்ளி நின்றே துளைத்துவிட முடிகிறது. அதனால் கொல்லையில் துளையிடும் ரிக் வரவில்லை. இந்த அடிநிலப் பங்குக்கு விலை எப்படிப் போடுகிறார்கள்? கண்ணால் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஹூஸ்டன், ராயல்டி பங்குக் கணக்குப் பிரிவு

எங்களுக்கு வரும் போன்களில் பாதி, ராயல்டி (எண்ணெய் விற்பனையில் கனிம உரிமையாளருக்கு வரும் பங்கு) செக்கைப் பார்த்து, "இந்த தசம எண் என்ன?" என்பதுதான். ஒரு கணக்குப் போடுகிறேன். தாத்தாவுக்கு 160 ஏக்கர். விற்றபோது கனிமத்தில் பாதியை வைத்துக்கொண்டார், அதாவது 80. நான்கு பிள்ளைகளுக்குப் பிரித்தால் தலைக்கு 20. அந்த நிலம், பல நிலங்களை ஒன்றாகச் சேர்த்த 1,280 ஏக்கர் யூனிட்டில் சேர்ந்து, எண்ணெய்க் கம்பெனியோடு போட்ட லீஸில் ராயல்டி கால் பங்கு என்றால், 20-ஐ 1,280-ஆல் வகுத்து 0.25-ஆல் பெருக்குங்கள்: 0.00390625. கிணறு மாதம் 10,000 பேரல் கொடுத்து, விலை 70 டாலர் என்றால் உங்கள் பங்கு சுமார் 2,734 டாலர். அதில் மாநிலத்தின் உற்பத்தி வரி 4.6 சதவீதம் போகும்.

ஆனால் இதே தொகை வருடக்கணக்கில் வரும் என்று நினைத்தால் போச்சு. இறுகிய பாறையிலிருந்து எண்ணெய் எடுக்கும் ஷேல் கிணறு முதல் வருடத்திலேயே பாதிக்கு மேல் இறங்கிவிடும். முதல் சில செக்கைப் பார்த்துப் புது பிக்கப் வண்டி வாங்கியவர்கள் கதை எங்கள் ஆபீஸில் ஏராளம்.

இதற்கு நேரெதிரான கதையும் உண்டு. ஒரு பாட்டி போன் செய்தார். பழைய செங்குத்துக் கிணறு ஒன்றிலிருந்து மாதம் இருநூறு டாலர் போல வருகிறது. ஒருவர் இருபதாயிரம் தருகிறேன் என்று கடிதம் போட்டிருக்கிறார். நூறு மாத வருமானம் ஒரே செக்கில் என்றால் யாருக்கும் ஆசை வரும். விற்கலாமா கூடாதா என்று நாங்கள் சொல்லக் கூடாது. ரயில்ரோடு கமிஷன் தளத்தில் உங்கள் நிலம் உள்ள செக்‌ஷனுக்குப் புது பர்மிட் உண்டா என்று பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். (பெயரில்தான் ரயில். டெக்சஸ் எண்ணெய், எரிவாயுவுக்கு இவர்கள்தான் பொறுப்பு.) பேரன் உட்கார்ந்து தேடியிருக்கிறான். அவர்கள் நிலத்துக்கடியில் வுல்ஃப்கேம்ப் என்ற பாறை அடுக்கில் வரிசையாகக் கிடைமட்டக் கிணறுகளுக்கு அனுமதி ஆகியிருந்தது. கடிதம் போட்டவருக்கு அது தெரியாமலா இருக்கும்? அவர் வாங்க நினைத்தது அந்த இருநூறு டாலரை இல்லை, இன்னும் தோண்டாத கிணறுகளை.

எண்ணெய்க் கிணற்றுப் பொறியாளர்

மேலே சொன்னதோடு ஒன்று. இது பழைய வயல். டெக்சஸ் பல்கலைக்கழக நிலத்தில் சாண்டா ரீட்டா நம்பர் 1 கிணறு பீறிட்டது 1923-இல். இங்கே லீஸ் என்பது உற்பத்தி நடக்கும் வரை உயிரோடு இருக்கும். ஒரே ஒரு நோஞ்சான் பம்ப் போதும், தாத்தா எட்டில் ஒரு பங்கு ராயல்டிக்குப் போட்ட லீஸ் இன்றும் உங்களைக் கட்டிப்போடும். பக்கத்து நிலத்துக்காரர் புது லீஸில் கால் பங்கு வாங்குவார். ஏக்கர் ஒன்றுதான், வருமானம் இரண்டு மடங்கு. அதனால் "ஏக்கருக்கு எவ்வளவு?" என்று மொட்டையாகக் கேட்டால் பதில் இல்லை. என்ன ராயல்டி, எந்த ஆழம் வரை லீஸில் போயிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பழைய கிணற்றின் ஆழத்துக்குக் கீழே இருப்பது லீஸிலிருந்து விடுபடும் என்று ஷரத்து இருந்தால், அடியில் உள்ள அடுக்கைப் புது விலைக்கு லீஸ் விடலாம்.

டாலஸ் மாப்பிள்ளை

மனைவி வீட்டார் டெக்சஸ்காரர்கள். அவள் பாட்டி இறந்தபின் ஒரு குக்கி டப்பா நிறையப் பத்திரம் கிடைத்தது. நம்மூரில் வில்லங்கம் பார்ப்பதுபோல் கவுண்டி (மாவட்டம் மாதிரி) ஆபீஸில் ஒவ்வொன்றாகத் தேடினோம். ஒரு பழைய பத்திரத்தில் "எட்டில் ஒன்றில் பாதி" என்று இருந்தது. பதினாறில் ஒன்று என்றுதானே நினைப்போம்? வக்கீல் சிரித்தார். மார்ட்டின் கவுண்டியின் 1924 பத்திரம் ஒன்றில் இதே வாசகம் வந்து, 2023-இல் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அந்தக் காலத்தில் எட்டில் ஒன்று என்றாலே மொத்தக் கனிம உரிமை என்று எழுதும் வழக்கம் இருந்தது, ஆகவே அது சரிபாதிதான் என்று முடிவானது. எங்கள் பத்திரத்துக்கும் அது பொருந்துமா என்று வக்கீல் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அப்புறம், லீஸ் மாதிரியே தலைப்பு வைத்து உள்ளே உரிமையையே விற்கும் காகிதமும் தபாலில் வந்தது. இது லீஸ் இல்லை, விற்பனை என்று பெரிய எழுத்தில் அதில் போட வேண்டும் என்று 2019-இலிருந்து சட்டம் இருக்கிறது. ஆனாலும் கையெழுத்துக்கு முன் எல்லாப் பக்கத்தையும் படிப்பது நல்லது.

நாகைக்காரன்

படிக்கப் பொறாமையாக இருக்கிறது. நரிமணம் பக்கம் எங்கள் சொந்தக்காரர் வயலில் கிணறு போட்டார்கள். மேல்நிலத்துக்குத்தான் பணம். நம் நாட்டில் எண்ணெய் ராயல்டி அரசாங்கத்துக்குப் போகும், பட்டா வைத்திருப்பவருக்கு இல்லை. ஆனால் ஒன்று, அதனால் பங்காளிச் சண்டை வராது!

ஹூஸ்டன், ராயல்டி பங்குக் கணக்குப் பிரிவு

பங்காளிச் சண்டை இங்கே உண்டு, என்ன, கோர்ட்டில் நடக்கிறது. டாலஸ் நண்பருக்கு ஒரு வார்த்தை: எரிவாயுவுக்கு வரும் செக்கைத் தனியாகப் பாருங்கள். போக்குவரத்து, சுத்திகரிப்பு என்று அதில் பணம் கழிப்பதுண்டு. குழாயில் இடம் போதாமல் மேற்கு டெக்சஸின் வாஹா சந்தையில் எரிவாயு விலை பூஜ்யத்துக்குக் கீழே போன நாட்களும் இருக்கின்றன. பாட்டி பெயரில் கோராத பணம் கிடக்கிறதா என்று டெக்சஸ் கம்ப்ட்ரோலர் (மாநில நிதி அதிகாரி) தளத்திலும் தேடிப் பாருங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. வாரிசு விலாசம் தெரியாமல் நாங்கள் நிறுத்தி வைக்கும் ராயல்டி எல்லாம் கடைசியில் அங்கேதான் போய்ச் சேர்கிறது.