ஐம்பது பக்கம் படித்துவிட்டு மதிப்புரை எழுதலாமா?

ஏட்டுச்சுவடி:
நேற்று கறையான் எழுதியதைப் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. "இத்தனை வருடம் மதிப்புரை எழுதிய அனுபவத்தில் சொல்கிறேன், ஒரு நாவலை எடைபோட ஐம்பது பக்கம் போதும். ஜார்ஜ் ஆர்வெல்லே அப்படித்தான் சொல்லியிருக்கிறார்" என்கிறார். ஆர்வெல் 1946இல் எழுதிய அந்தக் கட்டுரையை இவர் படித்தாரா? வாரம் தவறாமல் கட்டுக்கட்டாகப் புத்தகம் வந்து விழுந்து, எதன் மீதும் பற்றில்லாமல் எழுதித் தள்ளும் ஒருவரின் அவல நிலையைப் பற்றிய கட்டுரை அது. தனக்கு ஒன்றுமே தெரியாத துறைப் புத்தகம் என்றால், அசட்டுத் தப்பு செய்து மாட்டிக்கொள்ளாமல் இருக்க ஐம்பது பக்கமாவது படித்தாக வேண்டிய கதி அவருக்கு. நோயை விவரித்தால் அதையே மருந்துச் சீட்டாக எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அதே கட்டுரையில், பெரும்பாலான புத்தகங்களை விட்டுவிட்டு முக்கியமான சிலவற்றுக்கு மட்டும் குறைந்தது ஆயிரம் வார்த்தை எழுதுங்கள் என்கிறார். அது ஏன் கண்ணில் படவில்லை?

கறையான்:
சார், ஐம்பது என்ற எண் அந்தக் கட்டுரையில் இருக்கிறதா, இல்லையா? இருக்கிறது. ஆர்வெல் வேண்டாம் என்றால் நான்சி பேர்லைக் கேளுங்கள். அமெரிக்க நூலகர். ஐம்பது பக்கம் படி, பிடிக்கவில்லையென்றால் மூடி வை என்பது அவர் வகுத்த விதி. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் நூறிலிருந்து வயதைக் கழித்துக்கொண்டு மீதிப் பக்கம் படித்தால் போதும். உங்களுக்கு இன்னும் சௌகரியம்.

ஏட்டுச்சுவடி:
என் வயதை விடுங்கள். அந்த விதி புத்தகத்தை மூடி வைப்பதற்கு. மூடி வைத்துவிட்டு ஊருக்குத் தீர்ப்பு எழுதுவதற்கு அல்ல. நானும் எத்தனையோ புத்தகங்களைப் பாதியில் வைத்திருக்கிறேன். அவற்றைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை.

போன மாதம் ஒரு நாவலைக் கிழித்துத் தொங்கவிட்டீர்களே, "அம்மா பாத்திரத்துக்குக் குரலே இல்லை" என்று. அந்த நாவலின் பிற்பாதி முழுக்க அம்மாதான் பேசுகிறாள். முழுக்க! இதைப் படித்தவர் யாரும் அப்படி எழுதியிருக்க முடியாது.

தாழம்பூ:
உண்மைதான், பிற்பாதி அம்மாவின் குரல்தான். ஆனால் ஏட்டுச்சுவடி ஐயா கடைசிப் பக்கம் வரை படித்து எழுதிய மதிப்புரைகள் மட்டும் நியாயமாக இருந்தனவா? நண்பர்களின் கவிதைத் தொகுப்பு என்றால் உடனே "காலத்தை வென்று நிற்கும்". புதிதாக எழுத வந்த பெண்களின் கதைகளுக்கு "முதிர்ச்சி போதாது". முழுசாகப் படித்துவிட்டுச் சொல்லும் பொய்யும் பொய்தானே?

ஏட்டுச்சுவடி:
தாழம்பூ, அது வேறு வழக்கு. தனி இழை தொடங்குங்கள், வருகிறேன். இங்கே கேள்வி ஐம்பது பக்கம்.

1912இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்த்ரே கீத் இருந்த பதிப்பகம் மார்செல் புரூஸ்டின் கைப்பிரதியைத் திருப்பி அனுப்பியது. கீத் அதை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புரட்டிப் பார்த்ததோடு சரி. மறு வருடம் புரூஸ்ட் தன் காசில் வெளியிட வேண்டியதாயிற்று. 1914 ஜனவரியில் கீத் அவருக்குக் கடிதம் எழுதினார், இந்த நிராகரிப்பு தங்கள் பதிப்பகம் செய்த மிகப் பெரிய பிழை என்று. அவ்வளவு பெரிய மனிதருக்கே புரட்டிப் பார்த்தது போதவில்லை. கறையானுக்குப் போதுமாம்.

கறையான்:
பதிப்பாளர் நிராகரிப்பும் மதிப்புரையும் ஒன்றா? நீங்களும் வசதிக்கு எடுத்துக்காட்டு பொறுக்குகிறீர்கள். என்னிடம் மாதாமாதம் அனுப்பிவைக்கும் புத்தகங்களை ஒன்று விடாமல் கடைசி வரி வரை படிக்க வேண்டுமென்றால் நான் சாப்பிட வேண்டாமா, தூங்க வேண்டாமா? எழுதாமல் விட்டால் "கண்டுகொள்ளவில்லை" என்று எழுத்தாளரே போன் போட்டு அழுகிறார். ஐம்பது பக்கத்தில் ஒருவனுக்கு வாக்கியம் எழுத வருமா வராதா என்று தெரிந்துவிடும்.

மெய்ப்பு:
நட்சத்திரம் போடுவதை விட்டாலே பாதிச் சண்டை தீரும். ஆங்கில நாவலாசிரியர் வர்ஜீனியா வுல்ஃப் 1939லேயே மதிப்புரையாளர்களை ஒழித்துவிட்டு, நூலின் சுருக்கத்தோடு பிடித்ததா பிடிக்கவில்லையா என்று ஒரு குறி மட்டும் போடலாம் என்றார். கடைசியில் அந்தக் குறிதான் நிலைத்தது. வாசகர்கள் புத்தகங்களுக்கு நட்சத்திரம் போடும் குட்ரீட்ஸ் இணையதளத்தில் இரண்டு நட்சத்திரம் என்றால் "பரவாயில்லை" என்றுதான் பொருள். நம் எழுத்தாளர்கள் அதைப் பார்த்துவிட்டு ஜென்மப் பகை பாராட்டுகிறார்கள்.

கறையான்:
மெய்ப்பு, என் முதல் தொகுப்புக்கு இரண்டு நட்சத்திரம் போட்டது நீங்கள்தானே? மறக்கவில்லை.

மெய்ப்பு:
ஆமாம், நான்தான். முழுசாகப் படித்துவிட்டுப் போட்டேன்.

தாழம்பூ:
எல்லாரும் புனைபெயரில் ஒளிந்துகொண்டு நேர்மை பேசுகிறோம். லண்டனின் நூல் மதிப்புரை வார இதழான டைம்ஸ் லிட்டரரி சப்ளிமென்ட் 1974 வரை மதிப்புரையாளர் பெயரே போடாமல் வெளியிட்டது. பெயர் போட ஆரம்பித்த பிறகுதான் யார் யாருக்கு முதுகு சொறிகிறார்கள் என்று வாசகருக்குத் தெரிய வந்தது. ஐயா சொந்தப் பெயரில் எழுதுவாரா?

ஏட்டுச்சுவடி:
என் சொந்தப் பெயர் அச்சில் வந்த காலத்தில் நீங்கள் எழுதவே ஆரம்பிக்கவில்லை. அந்தப் பெருமை எனக்கு உண்டு, மறைக்க மாட்டேன். விமர்சகர் க.நா.சு. நல்ல புத்தகங்கள் என்று வெறும் பட்டியல் போடுகிறார், காரணம் சொல்வதில்லை என்று எத்தனை பேர் குறை சொன்னார்கள்! ரசனை போதும் என்று அவர் நின்றார், அலசித்தான் ஆக வேண்டும் என்று இன்னொரு விமர்சகர் சி.சு. செல்லப்பா நின்றார். அலசலுக்கென்றே 1959இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கி, 1970 வரை கைப்பொருளைக் கரைத்து நடத்தினார். இரண்டு பேரும் படித்துவிட்டுச் சண்டை போட்டார்கள். அந்த வழியில் வந்த நமக்குள் இன்று ஐம்பது பக்கத்துக்குப் பேரம் நடக்கிறது.

கறையான்:
க.நா.சு. பட்டியலில் இருந்த அத்தனை புத்தகத்தையும் கடைசிப் பக்கம் வரை படித்தார் என்று நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தீர்களா? பெரிய பெயர்களைச் சொல்லி வாயை அடைக்காதீர்கள். ஐம்பது பக்கம் போதும் என்றேன், இன்னும் அதையேதான் சொல்கிறேன்.

ஏட்டுச்சுவடி:
அம்மா பிற்பாதி முழுக்கப் பேசுகிறாள். அதற்குப் பதில் சொல்லுங்கள்.

கறையான்:
முற்பாதியில் பேசவில்லையே. அத்தனை பக்கம் வாசகனைக் காக்க வைத்தது எழுத்தாளர் குற்றம்.

ஏட்டுச்சுவடி:
அவளைப் பேசவிடாத வீட்டைக் காட்டத்தான் அந்த முற்பாதியே எழுதப்பட்டது! அந்த மௌனத்தில் நீங்கள் எழுந்து போய்விட்டு, அவளுக்குக் குரல் இல்லை என்று ஊரெல்லாம் சொல்கிறீர்கள். அதை எழுதியவர் எத்தனை வருடம் அதோடு மல்லுக்கட்டினார் என்று தெரியுமா? உங்கள் மதிப்புரையை மட்டும் பார்த்துவிட்டுப் புத்தகத்தை வாங்காமல் விட்டவர்களுக்கு யார் பதில் சொல்வது?

கறையான்:
நீங்கள் அந்த எழுத்தாளரின் நண்பர் என்பது இப்போதுதான் புரிகிறது. தாழம்பூ சொன்னது சரி.

தாழம்பூ:
என்னை உங்கள் பக்கம் சேர்க்காதீர்கள். நீங்கள் படிக்காமல் எழுதுகிறீர்கள், அவர் படித்துவிட்டு ஆள் பார்த்து எழுதுகிறார்.

ஏட்டுச்சுவடி:
அந்த எழுத்தாளரை நான் நேரில் பார்த்ததுகூட இல்லை. கறையான், எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள்? எண்ணை மட்டும் சொல்லுங்கள்.