பத்தொன்பது நாள் இடைவெளி: எஸ்.ஆர்.-22 வாங்கிய அனுபவம்

தொடக்கப் பதிவு (கலிபோர்னியா)

பதினோரு வருடமாக இங்கே கார் ஓட்டுகிறேன். ஒரு டிக்கெட் கூட வாங்கியதில்லை. குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டவர்களுக்குத்தான் எஸ்.ஆர்.-22 என்ற இன்சூரன்ஸ் சான்றிதழ் என்று நினைத்திருந்தேன். இன்று அது என் பெயரில் இருக்கிறது.

2023 கடைசியில் அப்பாவுக்கு அறுவை சிகிச்சை என்று ஊருக்குப் போயிருந்தேன். பிரீமியம் தானாகக் கழியும் கார்டு அந்த மாதம் காலாவதியாகிவிட்டது. எச்சரிக்கைக் கடிதங்கள் எல்லாம் தபால்பெட்டியிலேயே கிடந்தன. திரும்பி வந்த நான்காம் நாள், சிவப்பு விளக்கில் நின்றுகொண்டிருந்த என் காரைப் பின்னால் வந்தவர் இடித்துவிட்டார். வயதானவர். இறங்கியதுமே "தப்பு என்னுடையதுதான்" என்றார். சரி, பெரிய சிக்கல் இல்லை என்று நினைத்து என் இன்சூரன்ஸ் அட்டையை எடுத்து நீட்டினேன். அப்போதுதான் அதிலிருந்த தேதி கண்ணில் பட்டது. பாலிசி முடிந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

சேதம் 1,000 டாலரைத் தாண்டினால், தவறு யாருடையதாக இருந்தாலும், 10 நாளுக்குள் டி.எம்.வி.க்கு (மாநில மோட்டார் வாகனத் துறை) எஸ்.ஆர்.-1 என்ற விபத்து அறிக்கைப் படிவம் அனுப்பியாக வேண்டும். இடித்த நேரத்தில் உங்களுக்கு இன்சூரன்ஸ் இருந்ததா என்பதுதான் அங்கே கேள்வி. இல்லையென்றால் லைசென்ஸ் 4 வருடம் வரை நிறுத்தப்படும். எஸ்.ஆர்.-22 கொடுத்து, 250 டாலர் அபராதமும் கட்டி, முதல் வருடம் வேலைக்குப் போய்வர மட்டும் ஓட்ட அனுமதி வாங்கினேன். மனைவிக்கு லைசென்ஸ் இல்லை. கார் வாசலில் நிற்க, மகளை மழையில் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போன காலைகளை இன்னும் மறக்க முடியவில்லை.

எனக்குக் கழுத்து வலி வேறு. மருத்துவச் செலவைக் கேட்கலாம், ஆனால் வலிக்கும் வேதனைக்கும் என்று நஷ்டஈடு கேட்க முடியாது என்றார் வழக்கறிஞர். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியவருக்கு அந்த உரிமை கிடையாது. 1996 வாக்கெடுப்பில் வந்த சட்டம் அது. தவறே செய்யாதவனுக்கு இது அநியாயம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

எஸ்.ஆர்.-22 தனி இன்சூரன்ஸ் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 'இவருக்குச் சட்டம் சொல்லும் அளவுக்கு பாலிசி இருக்கிறது' என்று இன்சூரன்ஸ் கம்பெனி டி.எம்.வி.க்கு அனுப்பும் சான்றிதழ், அவ்வளவுதான். அதற்கு என்னிடம் வாங்கியது 25 டாலர். கையைக் கடித்தது பிரீமியம். பழைய கம்பெனி என்னைத் திரும்பச் சேர்க்கவே மறுத்துவிட்டது. இன்னும் மூன்று இடங்களில் அதே பதில். கடைசியில் ஒரு புரோக்கர் பிடித்துக் கொடுத்தார். ஆறு மாதத்துக்கு 610 டாலர் கட்டிக்கொண்டிருந்தவன் 1,340 கட்டினேன். யாருமே தராவிட்டால், கம்பெனிகள் தங்களுக்குள் பங்கிட்டு ஏற்றுக்கொள்ள வேண்டிய மாநிலத் திட்டம் ஒன்று இருக்கிறது என்றும் அவர் சொன்னார். நான்கு இடத்தில் மறுப்புக் கேட்டவனுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்!

2025 ஜனவரியில் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச இன்சூரன்ஸ் வரம்பே ஏறியது. ஒருவரின் காயத்துக்கு 15,000 டாலராக இருந்தது 30,000 ஆனது, ஒரு விபத்துக்கு மொத்தம் 30,000 என்பது 60,000, பொருள் சேதத்துக்கு 5,000 என்பது 15,000. பிரீமியமும் கூடவே ஏறியது. நடுவில் ஒரு தவணை தவறி பாலிசி ரத்தானால் கம்பெனியே டி.எம்.வி.க்குத் தெரிவித்துவிடும், லைசென்ஸ் மறுபடி போய்விடும். அதனால் ஆறு மாதத் தொகையை மொத்தமாகவே கட்டிவிடுகிறேன்.

மறுமொழி (புளோரிடா)

உங்கள் பதிவைப் படித்ததும் தம்பி ஞாபகம் வந்தது. அவன் குடித்துவிட்டு ஓட்டியவன், அதை மறைக்க மாட்டேன். இந்தக் குற்றத்துக்கு இங்கே எஃப்.ஆர்.-44, எஸ்.ஆர்.-22 போலத்தான், ஆனால் வரம்பு அதிகம். சாதாரணமாக ஓட்டுபவர்களுக்கு 10,000 டாலர் சொந்தக் காயத்துக்கும் 10,000 பொருள் சேதத்துக்கும் இன்சூரன்ஸ் இருந்தால் போதும். அவன் மட்டும் மற்றவர்களின் காயத்துக்கு ஒருவருக்கு 1,00,000, விபத்துக்கு 3,00,000, பொருள் சேதத்துக்கு 50,000 என்று மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். ஆறு மாதப் பணத்தையும் முன்கூட்டியே கேட்டார்கள். "அண்ணா, காரை வித்துடலாம்னு இருக்கேன்" என்றான். வேண்டாம் என்று முதல் தவணையை நான் கட்டினேன். அதன் பிறகு அவன் குடிக்கவில்லை.

மறுமொழி (டெக்சாஸ்)

நான் காரை விற்றேவிட்டேன். அப்படியும் எஸ்.ஆர்.-22 விடாது. கார் இல்லாதவர்களுக்கென்றே ஒரு பாலிசி உண்டு, அதில் இதை இணைத்துக்கொள்ளலாம். விலையும் குறைவு. இங்கே குற்றத் தீர்ப்பு வந்த நாளிலிருந்து இரண்டு வருடம் எஸ்.ஆர்.-22 வைத்திருக்க வேண்டும். ஒரு சந்தேகம்: நானும் அடுத்த மாதம் ஊருக்குப் போகிறேன், மனைவியின் கார் சும்மா நிற்கும். அந்தக் காரின் பாலிசியை நிறுத்தலாமா?

தொடக்கப் பதிவர்

நிறுத்தாதீர்கள். கம்பெனிக்குப் போன் செய்து, கார் நிற்கும் காலத்துக்குத் திருட்டு, தீ போன்றவற்றுக்கு மட்டும் என்று குறைக்க முடியுமா என்று கேளுங்கள். கலிபோர்னியாவில் என்றால், பாலிசியைக் கைவிடும் முன்பே 'காரை ஓட்டவில்லை' என்று டி.எம்.வி.யில் உறுதிமொழி கொடுத்திருக்க வேண்டும். உங்கள் மாநில விதியை ஏஜென்ட்டிடம் எழுத்தில் வாங்குங்கள். அப்புறம், கார்டு காலாவதியாகும் மாதத்தை இன்றே பாருங்கள்.