'தாடை முன்னிறுத்தி': உறக்க மூச்சடைப்புக் கருவிக்கு ஒரு பெயர்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

கடலூரில் எங்கள் பல் மருத்துவமனைக்கு வருவோருக்காக ஒரு தமிழ்க் கையேடு எழுதி வருகிறேன். உறக்கத்தில் தொண்டை அடைபட்டு, ஒவ்வொரு முறையும் 10 நொடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றுபோகிறவர்கள் இரவில் பற்களின்மீது மாட்டிக்கொள்ளும் கருவிக்கு அதில் என்ன பெயர் இடுவது என்பதைப் பற்றியே இம்மடல்.

'வாய்வழிக் கருவி' எனக்கு ஒப்பவில்லை. வாய்வழி என்றதும் விழுங்கும் மருந்தும் உப்புக்கரைசலுமே மக்கள் நினைவுக்கு வரும். 'குறட்டைத் தடுப்பான்' உடனே பிடிபடும் சொல்தான். ஆனாலும் அது தீங்கு செய்யும் என்று அஞ்சுகிறேன். குறட்டை அடங்கிய பின்னும் மூச்சடைப்பு நீடிக்கக்கூடும் என்பதால்தான், கருவியை அணிந்த நிலையிலேயே உறக்கப் பரிசோதனையை மீண்டும் செய்யச் சொல்கிறோம். பெயரே குறட்டையோடு நின்றுவிட்டால், சத்தம் ஓய்ந்ததும் வீட்டார் நிம்மதியடைந்துவிடுவார்கள், மறுபரிசோதனைக்கு வரமாட்டார்கள்.

முதுநகரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் கருவியைக் கையில் வாங்கி, பக்கவாட்டிலிருந்த சிறு திருகை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது பல்செட்டா டாக்டர், கிளிப்பா?" என்று கேட்டார். இரண்டும் இல்லை. மேல் தகடும் கீழ்த் தகடும் சேர்ந்து கீழ்த்தாடையை முன்னே கொண்டுவந்து பிடித்துக்கொள்ள, அதனோடு நாக்கின் அடிப்பகுதியும் முன்வந்து, தொண்டையில் காற்றுக்கு வழி அகலமாகிறது. தாடையை முழுதாக முன்தள்ளக்கூடிய தூரத்தில் ஏறக்குறைய பாதியில் தொடங்கி, திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பிச் சில வாரங்களில் உரிய நிலைக்குக் கொண்டுவருவது வழக்கம்.

ஆகவே 'தாடை முன்னிறுத்தி' என்று முன்மொழிகிறேன். 'முன்னகர்த்தி' என்றால், கிளிப் பல்லை நகர்த்துவதுபோல் தாடையும் நிலையாக இடம்மாறிவிடும் என்று தோன்றும். இக்கருவியோ இரவு முழுதும் தாடையை முன்னே நிறுத்திவைத்து, காலையில் கழற்றியதும் விட்டுவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் அணிவோருக்குப் பற்களின் கடி சற்று மாறக்கூடும் என்பதைக் கையேட்டில் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

பற்கள் போதிய அளவில் இல்லாதவர்களுக்கு, நாக்கை உறிஞ்சு குமிழில் முன்னே பிடித்துவைக்கும் மற்றொரு வகைக்கு 'நாப்பற்றி' போதும். இரண்டுக்கும் பொதுப்பெயராக, காதணி, காலணி என்பனபோல், 'உறக்க வாயணி' எனலாம்.

உறக்கத்தில் மணிக்கு 5 முதல் 15 முறை வரை மூச்சுத் தடைப்பட்டால் இலேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. கடுமையான நிலைக்கு, ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் 1981இல் வெளியிட்ட, முகமூடி வழியே காற்றை அழுத்தத்தோடு செலுத்தித் தொண்டையைத் திறந்துவைக்கும் காற்றழுத்த முறையே இன்றும் முதல் மருத்துவம். அந்த முகமூடியைத் தாங்க இயலாதவர்களுக்கு வாயணி உண்டு என்றும் கையேட்டில் சேர்த்திருக்கிறேன்.

'முன்னிறுத்தி' என்பதில் 'நிறுத்தி' மட்டும் தனித்து ஒலித்து, தாடை அசைவையே நிறுத்திவிடும் கருவி என்று பொருள்படுமோ என்ற ஐயம் எனக்கு இன்னும் இருக்கிறது. மாற்று இருந்தால் அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.