ஐவிஎஃப் மாத்திரைகளும் மதியச் சுகரும்: உங்கள் அனுபவம் என்ன?

எனக்கு பிசிஓடி, அதாவது சினைப்பையில் நீர்க்கட்டி. ஐவிஎஃப்புக்கு (டெஸ்ட் டியூப் சிகிச்சைக்கு) முன்பே ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரிச் சுகர், 5.8. மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். கருமுட்டை வளர ஊசி போட்ட நாட்களில் சுகர் பெரிதாக மாறவில்லை. ஏறியது ட்ரான்ஸ்ஃபருக்கு (கருவைக் கருப்பைக்குள் வைப்பதற்கு) பிறகுதான். கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனான புரொஜெஸ்டிரோன் ஊசியோடு, கரு ஒட்டுவதற்கென்று பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் எழுதியிருந்தார்கள். அப்பாவுக்குச் சுகர் என்பதால் வீட்டில் மீட்டர் இருந்தது. காலையில் வெறும் வயிற்றில் 90. மதியம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 190! கிளினிக்கில் வெறும் வயிற்றில் மட்டும் ரத்தம் எடுத்து ‘நார்மல்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சுகர் டாக்டரிடம் போனபோதுதான் விஷயம் புரிந்தது. ஸ்டீராய்டைக் காலையில் போட்டால் மதியத்திலிருந்து ராத்திரி வரைதான் சுகர் ஏறுமாம். மறுநாள் காலைக்குள் இறங்கிவிடுமாம். பயத்தில் நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சாப்பிட்ட பிறகு பார்த்த அளவுகளைக் குறித்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

*

அக்கா, எனக்கு ஸ்டீராய்டு கிடையாது, புரொஜெஸ்டிரோன் மட்டும்தான். அதுவும் பிறப்புறுப்புக்குள் வைக்கும் ஜெல். ஊசி அளவுக்கு அது ரத்தத்தில் கலக்காது என்றார்கள். சுகரும் ஏறவில்லை. ஆனால் 24ஆம் வாரத்தில் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் பார்த்தபோது 152. நம் ஊரில் 140 தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரைதான். “எல்லாம் அந்த ஐவிஎஃப் ஊசியால வந்தது” என்று மாமியார் ஒரே புலம்பல். டாக்டரோ, நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்களே இன்சுலினை வேலை செய்யவிடாது, அதோடு உன் வயதும் பிசிஓடியும் சேர்ந்துகொண்டன என்றார். சோற்றைக் குறைத்து, சாப்பிட்டதும் கொஞ்சம் நடந்தேன். அதுவே போதுமாக இருந்தது.

*

நான் ஏற்கெனவே இன்சுலின் போடுபவள். ஹெச்பிஏ1சி 6.5க்குக் கீழே வந்தால்தான் ஐவிஎஃப் ஆரம்பிப்போம் என்று டாக்டர் பிடிவாதமாக நின்றார். அப்போது கடுப்பாக இருந்தது, ஆனால் அவர் சொன்னது சரிதான். கரு உருவாகும் முதல் வாரங்களில் சுகர் கூடுதலாக இருந்தால் குழந்தைக்குக் குறைபாடு வரும் வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று. முட்டை எடுக்கும் நாளில் மயக்க மருந்துக்காக வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும். வழக்கமான இன்சுலினைப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் சுகர் இறங்கிவிடும். எவ்வளவு குறைக்க வேண்டும் என்று முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள். முதல் கேஸாக எடுக்கச் சொல்லியும் கேட்கலாம், எனக்கு மறுக்காமல் செய்தார்கள்.