ஒரே வரியில் இரண்டு மேற்பார்வை: கலைச்சொல் தேவை

சு.வே.:
வணக்கம். சமூகப்பணி முதுகலை மாணவர்களுக்கான, அமெரிக்காவின் டெக்சஸ் மாநில நன்னடத்தை (‘புரொபேஷன்’) முறை பற்றிய பாடம் திங்களன்று அச்சுக்குப் போகிறது. குற்ற வழக்கினரைச் சிறைக்கு அனுப்பாமல் ஊரிலேயே வைத்திருக்கும் முறைக்கு அங்கே சட்டப்பெயரே ‘கம்யூனிட்டி சூப்பர்விஷன்’. அதை நடத்துவது நீதி மாவட்டத்துத் (நீதிமன்ற எல்லைக்குரிய) துறை. அதன் இயக்குநரை அமர்த்துவோர் நீதிபதிகள். பணம் கொடுத்துக் கணக்குக் கேட்பது மாநிலக் குற்றவியல் நீதித் துறையின் ஒரு பிரிவு, அது ‘ஓவர்சைட்’. இரண்டையும் ‘மேற்பார்வை’ என்றால் ஆளைப் பார்ப்பவர் யார், பணத்தைப் பார்ப்பவர் யார்?

இரா.மு.:
ஓவர்சைட்டுக்கு ‘மேனோக்கு’. மேனாள், மேனிலை போல மேல்+நோக்கு. கலப்பில்லாத சொல்.

க.பா.:
மேனோக்கு என்றால் அண்ணாந்து பார்ப்பதாகத்தான் மாணவர் கொள்வார். வேலையைப் பார்த்துப் பெயர் வைப்போம். மாநிலம் மாவட்டத் துறைக்குத் தரும் அடிப்படை நிதி தலைக்கணக்கில் வருகிறது. கடுங்குற்ற வழக்கினர் நேரடிப் பொறுப்பில் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தொகை. சிறுகுற்றத்துக்கு 182 நாளோடு சரி. ஒழுங்காக நடந்தவரை முன்னதாக விடுவித்தால் அந்த வரவு நிற்கும், அவர் மாதந்தோறும் கட்டும் 25 முதல் 60 டாலர் கட்டணமும் நிற்கும். திருந்தியவரை விட்டால் மாவட்டத் துறைக்கு நட்டம்! அதனால் ரசீதைச் சரிபார்த்தால் மட்டும் போதாது, தலை எண்ணிக்கையையும் பார்த்தாக வேண்டும். ‘தணிக்கை’யும் பொருந்தாது, அது செலவான பிறகு வருவது. இங்கே மாவட்டத் துறை தன் திட்டத்தை முதலில் மாநிலத்துக்குக் கொடுக்க வேண்டும். என் பரிந்துரை: ‘நிதிக் கண்காணிப்பு’.

த.ந.:
வழிமொழிகிறேன். சோழர் கல்வெட்டில் ‘ஸ்ரீகாரியக் கண்காணி’ கோயில் காரியங்களைச் சரிபார்ப்பவர். பொருளோடு சேர்ந்தே வளர்ந்த சொல்.

யோ.ச.:
அந்தக் கண்காணிதான் இலங்கை மலையகத் தோட்டத்தில் கங்காணி ஆனார். நின்றது தொழிலாளர் தலைமேல். எங்கள் காதுக்குக் கண்காணிப்பு ஆளைப் பார்ப்பதே. இரண்டு சொல்லையும் மாற்றிப் போடுங்கள்.

த.ந.:
கங்காணி முன்பணக் கணக்கும் வைத்திருந்தாரே! அதுவும் கணக்குத்தான்.

சு.வே.:
நேரமில்லை. ஆளுக்கு ‘நன்னடத்தை மேற்பார்வை’, பணத்துக்கு ‘நிதிக் கண்காணிப்பு’. என்னையும் சேர்த்து மூவர் ஒப்பியதால் இப்படியே அச்சுக்கு அனுப்புகிறேன்.

இரா.மு.:
என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். அலுவலர் தகுதி, வழக்கைக் கையாளும் தரநெறி இவற்றையும் அந்தப் பிரிவுதான் வகுக்கிறது. ‘நிதி’ என்று முன்னொட்டு வைத்தால் அவை வெளியே நின்றுவிடும். மேனோக்கு பிடிக்காவிட்டால் ‘மேலாய்வு’ என்றாவது போடுங்கள்.