குடிநீர் விநியோகம் தனியாருக்குப் போகுது: ஒப்பந்தத்தில் எதைப் பார்க்கணும்?

வார்டுவாசி:
எங்க நகராட்சியில குடிநீர் விநியோகத்தை 25 வருஷத்துக்குத் தனியாரிடம் விடப் பேச்சு அடிபடுது. "சொத்து நகராட்சி பேர்லதான் இருக்கும், கவலை வேண்டாம்"னு சொல்றாங்க. மன்றக் கூட்டத்துக்கு முன்னாடி வரைவு ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்தைப் புரட்டணும்?

நொய்யல்கரை:
சொத்து யார் பேர்லங்கிறதை விடுங்க. தண்ணி விலை போகலைன்னா நட்டம் யார் தலையில் விழும்னு எழுதியிருக்கிற ஷரத்தைத் தேடுங்க. திருப்பூர்தான் பாடம். பவானியிலிருந்து தினம் 18.5 கோடி லிட்டர் கொண்டுவர ஆயிரம் கோடிக்கு மேல் போட்டு, 2005-ல் ஓட ஆரம்பிச்ச திட்டம். ஆயிரம் லிட்டருக்குச் சாயப்பட்டறை 45 ரூபாய், நகராட்சி 5 ரூபாய். பட்டறைக் காசில்தான் வீட்டுக் குழாய் ஓடணும்னு கணக்கு. பட்டறைகள் கழிவுநீரைச் சுத்திகரிச்சு அதையே திரும்பப் பயன்படுத்த ஆரம்பிச்சதும் கொள்முதல் சரிஞ்சது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் பட்டறைகளையே மூடியதும் வருமானம் படுத்துருச்சு. குழாயும் பம்பும் நல்லாத்தான் இருந்துச்சு.

உங்க வரைவில் "குறைந்தபட்சக் கொள்முதல்"னு ஏதாவது இருக்கா பாருங்க. இருந்தா, எடுத்தாலும் எடுக்காட்டியும் நகராட்சி காசு கட்டணும்.

மீட்டர்மணி:
அதோட "நீரிழப்பை 20 சதவீதமாகக் குறைப்போம்"னு ஒரு வரி இருக்கும். நீரிழப்புன்னா கசிவு மாதிரி வழியில் வீணாகிற தண்ணி. எத்தனையிலிருந்து குறைப்பாங்க? தொடக்க அளவை எடுக்கிறது கம்பெனியே என்றால் அது ஏறித்தான் இருக்கும். ஒண்ணும் செய்யாமலேயே ஊக்கத்தொகை வாங்கிடலாம். மூணாவது ஆள் அளக்கணும்.

முறை: பகுதியைச் சுத்தி எல்லை வால்வுகளை மூடி, ஒரே உள்வழியில் மீட்டர் வெச்சு, ராத்திரி 2 முதல் 4 மணி வரை ஓட்டம் பார்க்கணும். அப்போ யாரும் புழங்க மாட்டாங்க, ஓடுறது பெரும்பாலும் கசிவு. நம்ம ஊரில் இது சொதப்பும். மூணு நாளைக்கு ஒருமுறை தண்ணி விட்டா எல்லா வீட்டுத் தொட்டியும் ராத்திரியெல்லாம் நிரம்பிட்டே இருக்கும், அதுவும் கசிவா பதிவாகும். தொடர்ந்து சில நாள் விட்டு, தொட்டியெல்லாம் நிரம்பின பிறகுதான் அளக்கணும்.

வீட்டு மீட்டரிலும் கவனம் வேணும். விட்டு விட்டு வர்ற லைனில் தண்ணிக்கு முன்னாடி காத்து வந்து முள்ளைச் சுத்தும், பில் ஏறும். மேடான இடங்களில் அந்தக் காத்தை வெளியே விடுற ஏர் வால்வு போடுறது யார் செலவுன்னு எழுத வைங்க.

கிணத்தடி:
ரெண்டு பேரும் நகராட்சி கையில் இருந்தா எல்லாம் ஒழுங்குங்கிற மாதிரி பேசுறீங்களே! கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சணும். குளோரின் பார்க்கிற குளோரோஸ்கோப் கருவிக் குழாயில் தண்ணி எடுத்து, ஆர்த்தோடொலிடின் மருந்து ரெண்டு சொட்டு விட்டா மஞ்சள் வரணும். பல தெருவில் நிறமே வராது. அங்கே இருக்கிறது தனியாரா என்ன?

நொய்யல்கரை:
சரிதான். யார் நடத்தினாலும் சரியில்லைன்னா மாத்த வழி வேணும். அதனால ஒப்பந்தம் முடியும்போது எப்படித் திருப்பி ஒப்படைக்கணும்னு சொல்ற வெளியேறும் ஷரத்தும் முக்கியம். பாரிஸ் 2010-ல் விநியோகத்தை மாநகரக் கைக்கே கொண்டுவந்து, 2011-ல் கட்டணத்தை 8 சதவீதம் குறைச்சுது. அங்கே தண்ணி உற்பத்தி ஏற்கெனவே மாநகரம் பெரும்பங்கு வெச்சிருந்த நிறுவனத்திடம் இருந்ததால் ஆளும் அனுபவமும் கைவசம். உங்க நகராட்சி 25 வருஷம் கழிச்சு வால்வு எங்கே புதைஞ்சிருக்குன்னே தெரியாம நிக்கக் கூடாது. குழாய் வரைபடம், மீட்டர் பதிவு, பழுதுக் கணக்கு எல்லாம் வருஷா வருஷம் நகராட்சிக்கு வரணும்.

வார்டுவாசி:
வரைவே கண்ணில் காட்ட மாட்டேங்கிறாங்களே?

மீட்டர்மணி:
தகவல் உரிமை மனு போடுங்க. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் வரணும். நகல் மட்டும் கேட்காம, பிரிவு 2(ஜே) சொல்லி கோப்பை நேரில் பார்க்கணும்னும் எழுதுங்க. ஒப்பந்தத்தின் பின்னிணைப்புகளில்தான் கட்டண அட்டவணை இருக்கும். கூட்டம் அதுக்குள்ள வந்துட்டா, உங்க கவுன்சிலருக்கு அனுப்பின கூட்டப்பொருள் குறிப்பை வாங்கிப் பாருங்க.