வான்கூவரில் நான் கண்ட மூன்று அண்டங்காக்கைகள்

வான்கூவரில் என்ன பார்த்தாய் என்று கேட்பவர்களிடம், மூன்று அண்டங்காக்கைகளைப் பார்த்தேன் என்றுதான் சொல்லிவருகிறேன்.

முதலாவது, நகர மையத்தில் பழைய நீதிமன்றக் கட்டடத்தில் இயங்கும் வான்கூவர் ஆர்ட் கேலரியில் இருக்கிறது. கனடா ஓவியர் எமிலி கார் 1931இல் தீட்டிய ‘பெரிய அண்டங்காக்கை’. கனடாவின் மேற்குக் கரையோரப் பழங்குடியினரான ஹைடா மக்களின் தீவுகளில் உள்ள கம்ஷேவா என்ற ஊருக்கு அவர் 1912இல் போனபோது அங்கே யாரும் குடியிருக்கவில்லை. பெரியம்மை போன்ற நோய்கள் மக்களை வாரிக்கொண்டு போக, எஞ்சியவர்கள் ஊரையே விட்டுப் போயிருந்தார்கள். மரத்தில் செதுக்கிய காக்கை மட்டும் புதருக்கு மேல் தனியாக நின்றிருந்தது. ஓவியத்தில் கீழே பச்சை அலை அலையாகப் புரள்கிறது, மேலே வானம் பாளம் பாளமாக இறங்குகிறது, நடுவில் அசையாத அந்தப் பறவை. எனக்கு அந்த இடத்தைவிட்டு நகர மனம் வரவில்லை. ஆனாலும் இந்த ஓவியத்தோடு நின்றுவிடாதீர்கள். ஹைடா மக்களின் கதை முடிந்தேபோயிற்று என்ற எண்ணத்தை அது நமக்குள் விதைத்துவிடுகிறது.

அந்த எண்ணத்தை உடைப்பது இரண்டாவது காக்கை. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக வளாகத்தில் ஆர்தர் எரிக்சன் வடிவமைத்த மானிடவியல் அருங்காட்சியகத்துக்கு பஸ்ஸில் போய்விடலாம். அங்கே, இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பீரங்கி மேடையின் மீது கட்டிய வட்ட அறையில், சிற்பி பில் ரீடின் ‘அண்டங்காக்கையும் முதல் மனிதர்களும்’ இருக்கிறது. மஞ்சள் சீடர் மரத்தில் செய்து 1980இல் திறந்துவைத்த சிற்பம். கடற்கரையில் கிடந்த சிப்பிக்குள் காக்கை முதல் மனிதர்களைக் கண்டெடுத்தது என்பது ஹைடா மரபுக்கதை. சுற்றிவந்து பார்த்தால் ஒருவன் முண்டியடித்து வெளியே வருகிறான், இன்னொருவன் தயங்கி உள்ளேயே பதுங்குகிறான். எமிலி கார் வரைந்த காக்கை மாண்டவர்களுக்குக் காவல் நிற்கிறது. இதுவோ மனிதர்களை உலகத்துக்குள் அழைக்கிறது.

ரீடின் தாய் ஹைடா இனத்தவர். வானொலி அறிவிப்பாளராக வேலை பார்த்துக்கொண்டே நகைத்தொழில் கற்று, தாய்வழி மரபின் கலைக்குள் வந்தவர் அவர். ஹைடா மக்களின் சடங்கு விருந்தான பொட்லாட்ச்சை 1885 முதல் 1951 வரை கனடா அரசு சட்டம் போட்டுத் தடுத்திருந்தது என்பதை நினைத்தால், அவர் கையில் எடுத்த வேலையின் கனம் புரியும். இந்தச் சிற்பத்தில் அவருடன் உழைத்த ஜிம் ஹார்ட் பின்னாளில் செதுக்கிய நல்லிணக்கத் தூணும் இதே வளாகத்தில்தான் இருக்கிறது. குடும்பங்களிலிருந்து பிரித்துச் சேர்க்கப்பட்ட உறைவிடப் பள்ளிகளில் இறந்த பழங்குடிக் குழந்தைகளுக்காக அதில் ஆயிரக்கணக்கான செப்பு ஆணிகளை அடித்திருக்கிறார்கள். அதையும் பார்க்காமல் வராதீர்கள்.

மூன்றாவது காக்கை விமான நிலையத்தில். ரீடின் பச்சை வெண்கலப் படகில் மனிதர்களும் விலங்குகளுமாகப் 13 பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, சுக்கான் பிடிப்பது காக்கை. சர்வதேசப் புறப்பாட்டுப் பகுதியில் இருக்கிறது. கிளம்பும் நாளில் சற்று முன்னதாகவே போய், காக்கையின் வாலடியில் ஒளிந்திருக்கும், ஹைடா கதைகளில் வரும் எலிப்பெண்ணைத் தேடிப் பாருங்கள்.